மலைநாட்டில் ஒரு சிறு சபை
ஊவா மெதடிஸ்தரின் வாரமும் வருடமும்

பல சமயத்தாரும் அருகருகே வாழும் நகரம் பதுளை. முதியங்கனை விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம் பௌத்தர்களின் புண்ணியத் தலமாக விளங்குகின்றது. அப்புத்தளையில் 1845ஆம் ஆண்டு இடி விழுந்து மாண்ட மேஜர் ரொஜர்சின் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயம் ஆங்கிலிக்கன் சபையாருக்கு உரியது. நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் கோயில்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே, தொகையிற் சிறியவராய், ஆரவாரமின்றி வாழ்ந்துவரும் கிறிஸ்தவ மக்களுள் மெதடிஸ்தரும் ஒரு சாரார். சைவர்களாகிய நாம் அவர்களோடு ஒரே கடைத்தெருவிலே பழகுகின்றோம். நம் பிள்ளைகள் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர். ஆயினும் அண்டை வீட்டாரின் சமய வாழ்வு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நம்மிற் பலர் அறியோம். அதனை அறிதல் நல்லது என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாகும்.

ஏளனத்திற் பிறந்த பெயர்

‘மெதடிஸ்தர்’ என்பது அவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. 1729ஆம் ஆண்டளவில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் வெஸ்லி, சார்ள்ஸ் வெஸ்லி என்னும் சகோதரரும் அவர்தம் நண்பர் சிலரும் நேரம் வகுத்துப் படித்தனர். நேரம் வகுத்துச் செபித்தனர். சிறைக்குச் சென்று கைதிகளைப் பார்த்துவந்தனர். எதையும் முறைப்படி செய்த இவ்விளைஞரை ஏனைய மாணவர் ‘முறைகாரர்’ என்று பரிகசித்தனர். பரிகாசப் பெயரே பின்னர் ஒரு பெரும் சபையின் பெயராயிற்று. மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளல் தகும். காலத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவோனைப் பார்த்து நகைப்போர் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர்.

வெஸ்லியின் சொற்களை முதலில் ஆர்வத்தோடு கேட்டவர்களுட் பலர் கல்விமான்களல்லர். 1739ஆம் ஆண்டு அவர் பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வூட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் திறந்த வெளியிலே பிரசங்கம் செய்தார். ஆலயத்தின் வாயிலை மிதிக்கக் கூசிய மக்களை நாடி ஆலயமே நடந்துசென்றது போன்ற நிகழ்ச்சி அது. தேயிலை மலையின் மக்களிடையே இச்சபை வேரூன்றியமையை நோக்கும்போது இதனை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இலங்கைக்கு வந்த வரலாறு

இலங்கையில் இவர்களது பணி ஒரு மரணத்தோடு தொடங்கியது. தோமஸ் கோக் என்னும் முதியவரின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மிஷனரிமார் கடலிற் பிரயாணஞ் செய்துகொண்டிருந்தபோது, 1814ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் கோக் கப்பலிலேயே காலமானார். அவரது உடலைக் கடலுக்கு ஒப்படைத்துவிட்டு, தலைவரை இழந்த இளைஞர்கள் அவ்வருடம் யூன் 29ஆம் நாள் காலியிற் கரையிறங்கினர். ஊர்களைத் தமக்குட் பங்கிட்டுக்கொண்டபோது லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணஞ் சென்றனர். மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஓல்ட் ஓராண்டு நிறையுமுன்னரே நோயால் இறந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி என்பன இச்சபையாரின் கல்விப் பணியை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் நம் ஆறுமுக நாவலர் என்பதைச் சைவ உலகம் நன்கறியும்.

ஊவாவுக்கு இப்பணி பிந்தியே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, கண்டியில் மகளிர் உயர்தரப் பாடசாலையைத் தோற்றுவித்த சாமுவேல் லாங்டன் பாதிரியார் ஊவா மலைகளை நோக்கி வந்தார். அப்புத்தளைப் பகுதியில் அவர் அமைத்த பணிநிலையத்திற்கு ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயரிட்டார். அதுபற்றி நூலொன்றும் எழுதினார். அக்காலத்தில் கோப்பி நோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள் மலைதோறும் லயங்களிற் குடியேறியிருந்தனர். புகையிரதம் பதுளையை எட்டியதோ 1924ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்பு இம்மலைகளிற் பணிபுரிந்தோருக்குக் கால்நடையும் குதிரையும் மாட்டுவண்டியுமே துணை.

ஒரு போதகர், பல ஆலயங்கள்

ஒவ்வோர் ஆலயத்துக்கும் ஒரு போதகரை அமர்த்துவது இச்சபையின் முறையன்று. அண்மையிலுள்ள பல சிறு சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்; அச்சேகரம் முழுவதையும் ஒரு போதகர் அல்லது சிலரே கவனித்துக்கொள்வர். மலைநாட்டில் இதன் பொருளை எளிதில் உணரலாம். காலையில் நகரத்திலே ஆராதனை நடத்துபவர் நண்பகலுக்குள் மலையேறித் தோட்டமொன்றை அடையவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபட்டால் அவர் வரமாட்டார். அப்பொழுது ஆராதனை நின்றுவிடுமா? நிற்பதில்லை. இங்கேதான் இச்சபையின் உயிர்நாடி இருக்கின்றது.

குருப்பட்டம் பெறாத சாதாரண மக்களே பிரசங்கம் செய்யும் வழக்கம் மெதடிஸ்தரிடையே தொன்றுதொட்டு உண்டு. ஆசிரியரோ, எழுதுவினைஞரோ, தோட்டத்து உத்தியோகத்தரோ, யாராயினும் அதற்குரிய அழைப்பும் ஆற்றலும் உடையவராயின் பயிலுநராகச் சேரலாம். படித்துச் சோதனைக்குத் தோற்றி, பிறர் முன்னிலையிற் பிரசங்கித்துத் தேறவேண்டும். எந்த ஞாயிறு எந்த ஆலயத்தில் யார் பேசுவார் என்பதை மூன்று மாதங்களுக்கு முன்கூட்டியே அட்டவணையாக வகுத்துக்கொள்வதும் இவர்களது மரபு. தன் பெயர் அதிலே இருப்பதைக் கண்டவர் வாரம் முழுவதும் ஆயத்தஞ் செய்கின்றார். கிழமை நாளிற் கணக்கேடு எழுதும் கை ஞாயிற்றுக்கிழமை வேதத்தை விரிக்கின்றது.

ஞாயிறும் கைக்காசும்

தோட்டத்திலே விடியற்காலம் பெரட்டுக்குரிய நேரம். பெண்கள் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கூடையோடு மலையேறுவர். கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்குத் திரும்பும்போது மாலையாகிவிடும். அதன்பின் விறகும் தண்ணீரும் சமையலும். இத்தகைய ஆறு நாட்களுக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை எத்துணை அருமையானது என்பதை விளக்கவேண்டியதில்லை.

அந்நாளிலே பெரியோருக்கு ஆராதனை. சிறுவருக்கு ஓய்வுநாட் பாடசாலை. வேதக் கதைகளைக் கேட்டு, வசனங்களை மனனஞ் செய்து, பாட்டுக்களைப் பழகும் பிள்ளைகள் சபை முன்னிலையில் நின்று அச்சமின்றிப் பேசவும் கற்கின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் வளரும் பிள்ளைக்குப் பலர் முன்னே வாய்திறக்கும் துணிவு கிடைப்பது சிறிய காரியமன்று.

ஆனால் ஞாயிற்றுக்கு ஒரு போட்டி உண்டு. கொழுந்து நிறைந்த காலங்களில் ஓய்வு நாளிலும் ‘கைக்காசு’ வேலை கிடைக்கும். பறித்த கொழுந்துக்கு உடனே பணம். பிள்ளையின் பாடசாலைச் செலவும் கடைக்கடனும் கண்முன் நிற்கும் தாய் ஆலயத்துக்குச் செல்வதா, மலைக்குச் செல்வதா? அவள் மலைக்குச் சென்றால் அவளைக் குறைகூறும் உரிமை எவருக்குண்டு? மலைநாட்டுச் சபையொன்றின் வாராந்தப் பிரச்சினை வேதாந்த விசாரணையன்று, இந்தக் கேள்விதான். ஆராதனையின் நேரத்தை மக்களின் வேலைக்கு ஏற்ப மாற்றுவதும், மாலையில் வீட்டுக்கே சென்று செபக்கூட்டம் வைப்பதும் இதற்கு ஏற்ற மறுமொழியாகும்.

ஒரு பெனியின் கதை

கிழமை நாட்களிலே வீடுகளிற் கூடும் வழக்கத்திற்கு இச்சபையில் ஒரு வரலாறு உண்டு. 1742ஆம் ஆண்டு பிரிஸ்டலிற் கட்டிய கூட்ட மண்டபத்தின் கடனை அடைப்பது எவ்வாறு என்று ஆராய்ந்தனர். போய் என்னும் கப்பற் தலைவர் எழுந்து, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பெனி கொடுக்கட்டும் என்றார். பலர் ஏழைகளாயிற்றே என்று மற்றொருவர் தடுத்தார். அப்படியாயின் பரம ஏழைகளான பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள். அவர்களால் இயலாததை நானே கொடுப்பேன் என்று போய் விடையிறுத்தார். ஏனையோரும் அவ்வாறே பொறுப்பேற்றனர். வாரந்தோறும் பெனி வாங்க வீடு வீடாகச் சென்றபோது, ஒரு வீட்டில் நோய், ஒரு வீட்டிற் சண்டை, ஒரு வீட்டிற் குடி என்பவற்றையெல்லாம் அவர்கள் நேரிற் கண்டனர். கடன் வசூல் நலம் விசாரிப்பாக மாறிற்று. அதுவே மெதடிஸ்தரின் புகழ்பெற்ற சிறுகுழு முறையாக வளர்ந்தது.

நம் தோட்டங்களிலுள்ள மரண உதவிச் சங்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். சிறு தொகையை ஒழுங்காகச் சேர்ப்பவன் பணத்தை மட்டும் சேர்ப்பதில்லை; மனிதர்களையும் சேர்க்கின்றான்.

மாதர் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழுவின் பயிற்சி ஆகியனவும் கிழமை நாட்களை நிரப்புகின்றன. பாட்டைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். சார்ள்ஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றியவர். அவரது பாடல்களின் தமிழாக்கங்கள் மேனாட்டு மெட்டிற் பாடப்படுகின்றன. அதே ஆராதனையில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் மரபில் வந்த கீர்த்தனைகள் நம் இராகங்களில் ஒலிக்கின்றன. நாமறிந்த தோடியும் ஆனந்தபைரவியும் ஆலயச் சாளரத்தின் வழியே கேட்கும்போது, சமயம் வேறானாலும் செவி ஒன்றென்பது புலனாகும்.

வருடத்தின் திருநாட்கள்

வாரத்தின் ஒழுங்குபோல வருடத்திற்கும் ஓர் ஒழுங்குண்டு. உயிர்த்த ஞாயிற்றுக்கு முன் நாற்பது நாள் தபசு காலம்; நம் விரதங்களை ஒத்த அடக்கமும் தருமமும் அதில் உண்டு. மே 24ஆம் நாள், 1738இல் ஜோன் வெஸ்லியின் உள்ளம் மாறிய தினமாக நினைவுகூரப்படுகின்றது. யூன் 29 இலங்கைப் பணியின் பிறந்தநாள். அறுவடைத் திருநாளிலே மக்கள் தம் தோட்டத்துக் காய்கறியும் பழமும் கோழியும் முட்டையும் கொணர்ந்து படைப்பர். பின்னர் அவை ஏலத்தில் விடப்படும். ஒரு பூசணிக்காயைப் போட்டியிட்டு விலையேற்றுவோர் அதன் பெறுமதியை அறியாதவரல்லர். கொடுப்பதில் உள்ள மகிழ்ச்சியை அறிந்தவர்கள். அவ்வேலத்திற்கு அயலவர் செல்வதை எவரும் தடுப்பதில்லை.

மார்கழியில் நத்தார்க் கீதம் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். மலைநாட்டின் குளிரிலே, கையில் விளக்கோடு லயத்துக்கு லயம் செல்லும் அக்குழுவுக்குச் சைவ வீட்டாரும் தேநீர் கொடுத்து உபசரிப்பது நம் பண்புக்கு ஏற்றது. வருடத்தின் இறுதி இரவில் விழிப்பிரவு ஆராதனை. சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையிற் கழித்த கிங்ஸ்வூட் சுரங்கத் தொழிலாளர், மனந்திரும்பியபின் அதே இரவுகளைச் செபத்திற் கழித்ததிலிருந்து எழுந்த வழக்கம் இது. புதுவருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை. உயர்ந்த பணியோ தாழ்ந்த பணியோ, கடவுள் எதைத் தரினும் ஏற்பதாக எல்லோரும் ஒருமித்து உறுதி கூறுவர். 1755இல் வெஸ்லி தொடங்கிய வழக்கம் இன்றளவும் தொடர்கின்றது.

காலத்தின் சோதனைகள்

இச்சிறு கூட்டத்தின் வாழ்வு எளிதாக அமையவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியபோது, கோயிலும் ஆலயமும் ஒருங்கே தம் மக்களை இழந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் வசமாயின. 1983ஆம் ஆண்டு யூலையிலே பதுளைத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழரும் சிங்களவரும் ஒரே திருச்சபையின் உறுப்பினராயிருக்கும் ஒரு சமயத்துக்கு அது எத்தகைய சோதனையாயிருந்திருக்கும்! நீதிக்கும் சமாதானத்துக்கும் பொறுமை வேண்டும். இரு மொழியினரும் ஒரே பந்தியில் அமர்தல் சிறிய செயலே. ஆயினும் அச்சிறிய செயல் நின்றுபோன இடங்களில் நாம் கண்டதென்ன?

இயற்கையும் இரக்கங் காட்டவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரின் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து உயிர்கள் பல மாய்ந்தன. இத்தகைய நாட்களிலே பாடசாலை, கோயில், விகாரை, ஆலயம் என்ற வேறுபாடு மறைந்து, கூரையுள்ள இடமெல்லாம் புகலிடமாகின்றது.

இன்று மற்றொரு சோதனை மெல்ல வளர்ந்து வருகின்றது. படித்த இளைஞர் கொழும்புக்கும், பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் செல்கின்றனர். ஆர்மோனியம் வாசித்தவன் போய்விட்டால் பாட்டுக் குன்றுகின்றது. ஓய்வுநாட் பாடசாலையை நடத்தியவள் போய்விட்டால் பிள்ளைகள் கலைகின்றனர். இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய துன்பமன்று. நம் தோட்டத்துக் கோயிற் பஜனையும் காமன் கூத்தும் இதே காரணத்தால் ஆளின்றி வாடுகின்றன.

ஆதலின் இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. குருக்கள் வரும் நாளில் மட்டும் சமயம் நடைபெறும் என்று காத்திராமல், அவரவர் ஒரு பங்கை ஏற்றுச் செய்தலே அது. வெள்ளிக்கிழமைதோறும் நம் பிள்ளைகளைக் கூட்டித் தேவாரம் பயிற்ற ஓர் அண்ணனோ அக்காவோ முன்வந்தால் போதும். அடுத்த மூன்று மாதத்திற்கு யார் எந்த வெள்ளி என்று ஒரு தாளில் எழுதிக் கோயிற் சுவரில் ஒட்டினால் அதனினும் நன்று. அண்டை வீட்டாரிடம் நல்ல பழக்கத்தைக் கடன் வாங்குவதில் வெட்கமில்லை. அந்தக் கடனுக்கு வட்டியும் இல்லை.