சிங்கப்பூரில் தொழில்நுட்பப் பெண்கள்: சேர்வதும் நிலைப்பதும்

தொழில்நுட்பத் துறையில் பெண்களின் பங்கு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சிங்கப்பூர் முன்மாதிரியாகச் சுட்டப்படுவது வழக்கம். பாஸ்டன் கன்சல்ட்டிங் குரூப் நிறுவனமும் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டின் தொழில்நுட்பப் பணியாளர்களில் 41 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் உலகச் சராசரி 28 விழுக்காடே என்றும் கணக்கிட்டது. இந்த எண் அக்காலத்தில் பணியில் இருந்தவர்களைக் கூறுகிறதேயன்றி, முன்பே சேர்ந்து, பின்னர் வெளியேறிப் பட்டியலிலிருந்து மறைந்தவர்களைக் கூறுவதில்லை.

சேர்க்கைக்கான அடித்தளம் நெடுங்காலத்துக்கு முன்பே இடப்பட்டது. நேஷனல் செமிகண்டக்டர் 1968இலும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1969இலும் சிங்கப்பூரில் ஆலைகளைத் தொடங்கியபோது, நுண்ணோக்கியில் கண் பதித்து மெல்லிய கம்பிகளை இணைக்கும் வேலைக்குப் பெரும்பாலும் இளம்பெண்களே சேர்க்கப்பட்டனர். 1981இல் தேசியக் கணினி வாரியம் நிறுவப்பட்டு, அரசு அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் திட்டம் தொடங்கியதும், மென்பொருள் எழுதுவது ஆலைத்தொழிலாக அல்லாமல் அலுவலகத் தொழிலாக அந்நாட்டில் வேர்கொண்டது. பெண் கணினிப் பக்கம் போவதை விந்தையாகப் பார்க்காத சமூகம் இவ்வாறு உருவாயிற்று எனலாம்.

நிலைத்திருப்பது வேறு கணக்கு. இத்துறையில் பணி நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை: நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது சிங்கப்பூரில் இரவு ஒன்பதோ பத்தோ ஆகும், வங்கியின் கணினி அமைப்பு நள்ளிரவில் முடங்கினால் உடனே எழுந்து சரிசெய்ய வேண்டிய முறைப்பணியும் உண்டு. இத்தகைய வேலையையும் குழந்தை வளர்ப்பையும் ஒருங்கே தாங்குவதற்கு அந்நாடு கண்ட வழிகளில் முதன்மையானது வெளிநாட்டு இல்லப் பணிப்பெண். 1978இல் தொடங்கிய திட்டத்தின்வழி இன்று இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து வீடுகளில் தங்கிப் பணியாற்றும் பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பொறியாளர் ஒருவர் தம் நாற்காலியில் நீடிப்பதற்கு, மற்றொரு பெண் தம் சொந்தப் பிள்ளைகளை ஊரில் விட்டுவந்திருக்கக் கூடும் என்பது 41 விழுக்காடு என்ற எண்ணுக்குள் அடங்காத செலவு. அதைக் கணக்கில் சேர்ப்பது நேர்மையாக இருக்கும்.

தமிழகத்திலிருந்து வரும் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. வார இறுதியில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் காய்கறி வாங்க வரும் இளந்தம்பதியரில், கணவன் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்ற, அவருக்கு இணையான பொறியியல் பட்டம் பெற்ற மனைவி வேலையின்றி இருக்கும் குடும்பங்கள் உண்டு. திறன்மிகு வெளிநாட்டினர் வேலை செய்ய வழங்கப்படும் அனுமதி எம்ப்ளாய்மென்ட் பாஸ் எனப்படுகிறது. அதை வைத்திருப்பவர் மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி ஈட்டினால், மனைவியையோ கணவனையோ டிபென்டன்ட் பாஸ் என்னும் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைத்து வரலாம். முன்பு இவ்வனுமதியில் வந்தவரை வேலைக்கு எடுக்க விரும்பும் நிறுவனம் இசைவுக் கடிதம் ஒன்றைப் பெற்றாலே போதுமாயிருந்தது. 2021 மே 1 முதல் அவ்வழி பெரும்பாலும் அடைக்கப்பட்டு, வேலை செய்ய விரும்புவோர் தமக்கெனத் தனி வேலை அனுமதி பெற வேண்டும் என்றாயிற்று.

உள்ளூர்ப் பணியாளர்களுக்குச் சமமான போட்டிக்களம் வேண்டும் என்ற அரசின் நோக்கம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் அதன் விளைவு பெண்களின் மீது கூடுதலாக விழுவதைக் காணாதிருக்க இயலாது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளியாக உயர்ந்தது. அது வயதோடு ஏறி, நாற்பதுகளின் நடுப்பகுதியில் 10,700 வெள்ளியைத் தொடுகிறது. வயது ஏறினால் அனுபவமும் ஏறியிருக்கும் என்பது இவ்விதியின் உள்ளார்ந்த கருத்து. சென்னையில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்து, குழந்தைக்காக நான்கு ஆண்டுகள் விலகியிருந்து, முப்பத்தாறு வயதில் மீண்டும் வேலை தேடும் பெண்ணுக்கு வயது மட்டுமே ஏறியிருக்கிறது. 2023 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு நடைமுறைக்கு வந்த காம்பஸ் என்னும் புள்ளி முறையில், விண்ணப்பதாரரின் நாட்டினர் அந்நிறுவனத்தில் ஏற்கெனவே மிகுந்திருந்தால் புள்ளி குறையும்; ஆகவே தெரிந்தவர்கள் நிறைந்த இந்திய மென்பொருள் நிறுவனமே அவருக்குக் கடினமான வாயிலாகவும் ஆகிறது. ஊரிலிருந்து பாட்டியை அழைத்துக் குழந்தையை ஒப்படைக்கலாம் என்றால், பெற்றோரை நீண்டகால வருகை அனுமதியில் வைத்துக்கொள்ள, பாஸ் வைத்திருப்பவரின் மாத ஊதியம் 12,000 வெள்ளியைத் தொட வேண்டும்.

குடிமக்கள், வெளிநாட்டினர் என்ற வேறுபாடு விடுப்பிலும் தொடர்கிறது. குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் தாய்க்கு 16 வாரப் பேறுகால விடுப்பு 2008 முதல் உண்டு. தந்தைக்கு 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள 2026 ஏப்ரல் முதல் 10 வாரம். குடிமகனல்லாத குழந்தையின் தாய்க்கு வேலை நியமனச் சட்டப்படி 12 வாரமே கிடைக்கிறது. இவற்றுள் பெண்களை வேலையில் நிறுத்துவதற்குப் பெரிதும் உதவக் கூடியது தாயின் விடுப்பன்று, தந்தையின் விடுப்பே என்று கருத இடமுண்டு. ஆண் பணியாளரும் குழந்தை பிறந்தால் சில வாரங்கள் வரமாட்டார் என்ற நிலை இயல்பாகும்போதுதான், இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் மேலாளரின் கணக்கு தளரத் தொடங்கும்.

2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைப் பணியாளர் முறையாகக் கேட்டால் முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்தில் விடையளிக்க வேண்டும். வீட்டிலிருந்து பணிபுரிவது, நேரத்தை மாற்றிக்கொள்வது, பகுதிநேரமாக உழைப்பது ஆகியவை இதில் அடங்கும். விடையளிப்பதுதான் கடமை, இசைவளிப்பது கடமையன்று.

பாராட்டும் பயிற்சியும் குறைவின்றி நடக்கின்றன. புதியவர்களுக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் டெக்லேடீஸ் அமைப்பு 2016இல் தோன்றியது. தொழில்நுட்பத் துறையின் நூறு பெண்களைச் சிறப்பிக்கும் பட்டியல் 2020இல் தொடங்கியது. இவை ஊக்கம் தருபவைதாம். ஆனால் பட்டியலில் இடம்பெறுவோர் ஏற்கெனவே தாக்குப்பிடித்தவர்கள். நடுமட்டப் பதவியில் திணறுபவருக்குத் தேவைப்படுபவர் அறிவுரை கூறும் வழிகாட்டி மட்டுமல்லர்; பதவி உயர்வு முடிவாகும் அறையில் அவர் பெயரை எடுத்துச் சொல்லும் செல்வாக்குள்ள ஒருவர். மனிதவள அமைச்சின் கணக்குப்படி 2023இல் எல்லாத் துறைகளையும் சேர்த்து ஆண், பெண் இடைநிலை ஊதிய இடைவெளி 14.3 விழுக்காடு, வயது, கல்வி, தொழில், துறை முதலியவற்றில் ஒத்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் அது 6 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி, உயர் ஊதியம் தரும் பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதோடு தொடர்புடையது.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பாலினம், திருமண நிலை, கருவுற்றிருத்தல், பராமரிப்புப் பொறுப்பு ஆகிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. 2027 இறுதியில் அது நடைமுறைக்கு வரவிருக்கிறது. 25 பேருக்குக் குறைவானோர் பணியாற்றும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு உண்டு. ஒரு குழுவும் ஒரு முதலீட்டாளரும் மட்டுமே கொண்டு தொடங்கும் புத்தொழில் நிறுவனங்கள் பலவும் அந்த வரம்புக்குள்தான் அடங்குகின்றன.