மணி ஒலிக்கிறது: எடுப்பதா, விடுவதா?

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் மும்பைவாழ் தமிழராகிய நாம் வாக்களித்தது ஒருமுறைதான். நம்மிடம் வாக்குக் கேட்கப்பட்டதோ இருமுறை. இந்நகரின் ஆறு தொகுதிகளுக்கும் மே 20ஆம் நாள் வாக்குப்பதிவு; தமிழகத்திற்கு ஏப்ரல் 19. நம்முள் பலர் பிழைப்பு நாடிப் புறப்பட்டபோது பெட்டி படுக்கையுடன் ஊரில் வாங்கிய கைபேசி எண்ணையும் எடுத்து வந்தவர்கள். வங்கிக் கணக்கு, ஆதார் அட்டை, உற்றார் உறவினர் எல்லாம் அந்த எண்ணோடு பிணைந்து கிடப்பதால் அதனைக் கைவிட மனம் வருவதில்லை. 2015 ஜூலை 3 முதல், எண்ணை மாற்றாமலே வேறு மாநிலத்துச் சேவைக்கு மாறிக்கொள்ளவும் வழி பிறந்துவிட்டது. ஆகவே ஆள் இருப்பது மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும். எண் இருப்பது நெல்லையிலும் தஞ்சையிலும். ஏப்ரலில் ஊர்த் தலைவர்கள் தமிழில் அழைத்தார்கள். அவர்கள் ஓய்ந்ததும், இங்கே கடைதோறும் எண்ணைச் சொல்லி வைத்த பாவத்திற்கு, இந்நகரத்துத் தலைவர்கள் இந்தியிலும் மராத்தியிலும் அழைத்தார்கள்.

அழைத்தார்கள் என்று சொல்வது ஓர் உபசாரம். அழைத்தது இயந்திரம். முன்பே பதிவு செய்த குரல் ஒன்று, நாம் சமையற்கட்டில் இருக்கிறோமா, பூசையில் இருக்கிறோமா, மின்ரயிலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருக்கிறோமா என்று பாராமல், தன் பாட்டில் பேசி முடிக்கிறது. ஒருநாள் எண்ணிப் பார்த்ததில் பதினோர் அழைப்புகள்.

இதில் நகைப்புக்கு இடமுண்டு. நாமும் நகைத்துக்கொண்டுதான் இருந்தோம். நம் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வசிக்கும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததற்குப் பிறகு நகைப்பு நின்றது. அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம்.

அன்பரின் தாயார் அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தனியே வாழ்பவர். எழுபத்தெட்டு வயது. மும்பைக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால், "உங்க ஊர்லே வாசல் எங்கேடா இருக்கு?" என்று கேட்பவர். கைபேசி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பேச வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் பேசிக்கொள்வார். தமிழக வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்னர், காலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் தன் சொந்தக் கைபேசியிலிருந்து அன்பரை அழைத்தான். பெயர் தோன்றவில்லை; தமிழகத்து எண் மட்டும் தோன்றியது. ஒரு வாரமாக அத்தகைய எண்களைத் துண்டித்துத் துண்டித்துப் பழகிய விரல் அதனையும் துண்டித்தது. பையன் மீண்டும் அழைத்தான். நான்காம் முறை, அந்த எண்ணை வராமலே தடுத்துவிட்டார் அன்பர்.

செய்தி இரவு ஒன்பது மணிக்கு, வேறோர் உறவினர் வழியாக வந்தது. அதற்குள் பையனும் அவன் தந்தையாருமே ஆச்சியை வாடகைக் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்திருந்தனர். கையெழுத்திட யாருமில்லாமல் அறுவை சிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. அன்பர் போய்ச் சேர்ந்ததும் பையன் சொன்னது ஒன்றே: "அண்ணாச்சி, காலையிலேருந்து நாலு தடவை அடிச்சேன்." அதில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை என்பதையே அன்பர் இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

இயந்திரக் குரலில் வாக்குக் கேட்கும் வழக்கம் இருபது ஆண்டுகளுக்கும் முற்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலின்போது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர்களின் பதிவுசெய்த குரல் நாடெங்கும் தொலைபேசிகளில் ஒலித்தது. நம் வீட்டுக் கூடத்தில் இருந்த தொலைபேசியை எடுத்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "நமஸ்காரம், நமஸ்காரம்" என்றதும், மறுமுனை அதனைச் சட்டை செய்யாமல் பேசிக்கொண்டே போனதும் நன்றாக நினைவிருக்கிறது. அன்று அது புதுமை. அத்தேர்தலில் ஆட்சி மாறியது. ஆயினும் அந்த உத்தியை எந்தக் கட்சியும் கைவிடவில்லை.

அதற்கு முன்னர் வேட்பாளர் வாசலுக்கு வந்தார். தாராவியின் குறுகிய சந்துகளில் தமிழில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களோடு வந்து, கைகூப்பி நின்றார். அவர் உண்மை பேசினாரா என்பது வேறு. ஆனால் "குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லையே, ஐயா" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல நம் வீட்டுப் பெண்களுக்கு முடிந்தது. அவரும் நெளிந்துகொண்டாவது கேட்டார். தொலைபேசிக் குரலிடம் தண்ணீரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். நமக்கு அதன்மேல் உள்ள முதற் கோபம் இரைச்சலுக்காக அன்று. நம் வாயை அடைத்துவிட்டுப் பேசுகிறதே என்பதற்காக. 2024 பிப்ரவரியில், மறைந்த முதல்வர் ஜெயலலிதா அவர்களின் குரலையே செயற்கையாக அமைத்து அவர் கட்சியினர் ஒலிப்பதிவாக வெளியிட்டனர். இறந்தோரும் பேசத் தொடங்கிய பின், உயிரோடிருப்பவர் வாசலுக்கு வரவேண்டிய அவசியம் என்ன?

"1909இல் பதிவு செய்யலாமே?" என்று சிலர் கேட்பர். நாமும் பதிவு செய்தோம். மனை விற்பவரும் கடன் கொடுப்பவரும் ஓரளவு குறைந்தனர், தலைவர்கள் குறையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010லும் பின்னர் 2018லும் வகுத்த விதிமுறைகள் வணிக நோக்குடைய அழைப்புகளையும் செய்திகளையும் பற்றியவை. பொருள் விற்பது வணிகம். வாக்குக் கேட்பது வணிகமன்று என்பது சட்டத்தின் கருத்து. (அண்மைக்காலத் தேர்தல்களைக் கண்டவர்கள் இதில் ஐயுறக்கூடும், அதனை விட்டுவிடுவோம்.)

தேர்தல் ஆணையத்தின் கட்டளைகள் இல்லாமலில்லை. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கும் குரற்செய்திகளுக்கும் முன்கூட்டியே சான்று பெறவேண்டும். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்திய 48 மணி நேரத்தில் அரசியல் குறுஞ்செய்திகளை மொத்தமாக அனுப்பலாகாது. வேட்பாளரின் செலவுக்கு வரம்பும் உண்டு: பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய் என 2022இல் உயர்த்தினார்கள். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு வரம்பில்லை. மேலும், சான்று பெற்ற குரலாயினும் நம் வீட்டு மணியை எத்தனை முறை அடிக்கலாம் என்று அச்சான்று சொல்வதில்லை.

நம் எண் இவர்களுக்கு எவ்வாறு கிடைத்தது? கட்சிகளுக்குத் தரப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், உறவினர் பெயர், வயது, வீட்டு எண் முதலியன இருக்கும். கைபேசி எண் இராது. 2021 புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலின்போது, வாக்காளர்களின் கைபேசிகளுக்கு அவரவர் வாக்குச்சாவடிக்குரிய வாட்ஸ்அப் குழுவில் சேருமாறு செய்திகள் வந்தன. எண்கள் ஆதார் விவரங்களிலிருந்து எடுக்கப்பட்டன என்று ஒரு வழக்குச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. குற்றஞ்சாட்டப்பட்ட கட்சி அதனை மறுத்தது. தக்கவாறு விசாரிக்கவேண்டிய விஷயம் இது என்று நீதிமன்றம் கருதியது. எந்தக் கட்சி என்று நாம் எழுதவில்லை. சங்க இதழில் கட்சிப் பேச்சு வேண்டாம் என்பது நம் நெடுநாள் வழக்கம். தவிரவும், இவ்விஷயத்தில் ஒருவரை மட்டும் சுட்டினால் மற்றவர் நல்லவராகிவிடுவர்.

தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகள் மேலும் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமாறு வகுத்திருக்கிறார்கள்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்கலாம். ஊரிலுள்ள முதியோர் காத்திருக்க இயலாது. ஆச்சி விழுந்ததற்குப் பின் நம் குடியிருப்பில் சில ஏற்பாடுகள் செய்துகொண்டோம். ஊரில் பெற்றோருக்கு அண்டை அயலில் இருப்போர், மளிகைக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர் ஆகியோரின் எண்களை எழுதி வாங்கி, வீட்டில் உள்ள எல்லோருடைய கைபேசிகளிலும் பெயரோடு பதிந்துவைத்தோம். அவசரமென்றால் முதலில் "ஊரிலிருந்து" என்று ஒற்றைச் சொல்லைச் செய்தியாக அனுப்பிவிட்டுப் பிறகு அழைக்குமாறு அவர்களிடம் சொல்லி வைத்தோம். எண்கள் திரட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்று. பத்து ஆண்டுகளாகப் பேசாத சித்தப்பா ஒருவரோடு ஒரு குடும்பம் மீண்டும் பேசும்படி ஆனது இதனால் விளைந்த உபரி நன்மை.

மூன்றாம் மாடி அன்பருக்கு மட்டும் இந்த ஏற்பாடு போதவில்லை. அவர் எந்த அழைப்பையும் விடுவதில்லை என்று உறுதி பூண்டுவிட்டார். 2024 நவம்பரில் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது எல்லாக் கட்சித் தலைவர்களின் குரலையும் ஒவ்வொரு முறையும் எடுத்துக் கேட்டார். வீட்டாரின் ஏச்சும் அவரை அசைக்கவில்லை.

2025 நவம்பரில் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடுதோறும் படிவம் கொடுத்து நிரப்பி வாங்கிச் சென்றனர். டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அந்நாட்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலரின் அழைப்பு என்பது உண்மையிலேயே எடுக்கவேண்டிய அழைப்பு. அதுவும் பெயரற்ற எண்ணிலிருந்தே வந்தது. அத்தோடு, அலுவலர் போல் பேசிக் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணைக் கேட்ட வஞ்சகரைப் பற்றிய எச்சரிக்கையும் பரவியது. எடுப்பதற்கும் அச்சம், விடுவதற்கும் அச்சம்.

அன்பருக்கும் அத்தகைய அழைப்பு ஒன்று வந்தது. அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவே எழுந்துபோய் எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்மணி, ஆச்சியின் பெயரைச் சொல்லி, "அவங்க மகன்தானுங்களா? படிவம் கொடுக்க வந்தேன், வீடு பூட்டியிருக்கு," என்றார்.

அன்பருக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. "அம்மா எங்கே?" என்று கேட்டார்.

"கோயிலுக்கு நடந்து போயிருக்காங்களாம். பக்கத்து வீட்டுப் பையன்தான் உங்க நம்பரைக் கொடுத்தான். படிவத்தை அவன்கிட்டக் கொடுத்துட்டுப் போகட்டுமா?"

அவனிடமே கொடுத்துவிடுங்கள் என்றார் அன்பர்.