அளவைகளோடு பழகுதல்

கள்ளக்குறிச்சிச் சீமையில் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். அதே நிலத்தின் பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் இருக்கின்றன. கரும்பு டன் கணக்கில் ஆலைக்குப் போகிறது. நெல்லுக்குக் குவிண்டாலில் விலை சொல்கிறார்கள். மல்லிகைக்கு முழம், தங்கத்துக்குப் பவுன், கோமுகி அணையின் தண்ணீருக்கு அடியும் கன அடியும். இத்தனை அளவைகளுக்கு நடுவே வளருகிற ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மில்லி, சென்டி, டெசி என்று ஏணிப்படி வரைந்து, எந்தப் பக்கம் போனால் பெருக்க வேண்டும், எந்தப் பக்கம் போனால் வகுக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்து பரீட்சையில் பூரண மதிப்பெண்ணும் பெற்று, வீட்டுக்கு வந்ததும் "நம்ம கொல்லை எத்தனை ஏருடா?" என்று தாத்தா கேட்கும்போது விழிக்கிறது என்றால், குறை அந்தப் பிள்ளையினிடத்தில் இல்லை. அளவையை எண்ணாக மாத்திரம் அறிமுகப்படுத்தி, பொருளாகக் கண்ணில் காட்டாமல் விட்ட போதனா முறையினிடத்தில்தான் இருக்கிறது.

மெட்ரிக் முறை பிறந்தது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று அன்றைய சாஸ்திரிகள் வகுத்தார்கள். நம் தேசத்தில் 1956-இல் எடை, அளவைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிந்தது. 1958 அக்டோபரில் கிலோகிராம் கடைத்தெருவுக்கு வந்தது. அதற்கு முன் மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்ததால், ஓர் ஊர்ப் படியால் வாங்கி மற்றோர் ஊர்ப் படியால் விற்று லாபம் பார்க்க இடமிருந்தது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்தத் தலைமுறை புதிய முறைக்கு மாறிக்கொண்டது சூத்திரங்களைப் படித்தல்ல. வீசைக் கல்லையும் கிலோக் கல்லையும் கையில் தூக்கிப் பார்த்து, "வீசை என்பது ஒரு கிலோ நானூறு" என்று கையே அறியும்படி செய்துகொண்டதால்தான். அந்த வழியையே நம் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பட்டாவிலிருந்தே தொடங்கலாம். பரப்பு என்ற தலைப்பின்கீழ் "0 – 40.50" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறு கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர். வலப்பக்கம் இருப்பது ஏர். புள்ளிக்குப் பின்னால் வருவது ஏரின் நூற்றில் ஒரு பங்கான சதுர மீட்டர். ஆகவே இது நாற்பது ஏர், ஐம்பது சதுர மீட்டர். ஊர்ப் பேச்சில் சொன்னால் ஏறத்தாழ ஓர் ஏக்கர், அதாவது நூறு சென்ட். இந்த விஷயம் காகிதத்தில் எத்தனை முறை விளக்கினாலும் மனத்தில் தங்குவதில்லை. பள்ளி மைதானத்தில் நான்கு முளை அடித்து, பக்கத்துக்குப் பத்து மீட்டராகக் கயிறு கட்டி, மூலைக்கு மூலை இரு பக்கமும் 14 மீட்டர் 14 சென்டிமீட்டர் வருகிறதா என்று சரிபார்த்து, அந்தச் சதுரத்துக்குள் வகுப்பு முழுவதையும் நிற்க வைத்துவிட்டால், ஏர் என்பது இன்னதென்று அப்புறம் ஒரு நாளும் மறக்காது. அது இரண்டரைச் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அப்படி நூறு சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்துவந்த கல்வராயன் மலையில், நிலத்தின் அளவும் அதற்கான பத்திரமும் எத்தனை முக்கியமான விஷயங்கள் என்பதை வெள்ளிமலை வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம் பெயரிலுள்ள காகிதத்தைத் தாமே வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்கு ஒரு பாதுகாப்பு.

லிட்டரும் கிலோவும் ஒன்றென்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. தண்ணீருக்கு அது பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்றும் 910 கிராம் என்றும் இரண்டும் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். மலையிலிருந்து வரும் தேனை அதே ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பினால் அது ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம் நிற்கும். பழைய வீசையின் எடையும் அதுவேயாக அமைந்தது இனிய தற்செயல். தேனை லிட்டரில் விற்பதா, கிலோவில் விற்பதா என்று மலைவாசி ஒருவர் யோசிக்கும்போது, இந்த வேற்றுமை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே, ஒரே விலையில் லிட்டருக்கு நானூறு கிராம் தேன் கைமாறிப் போகிறது. படியால் அளந்த சாமையைக் கிலோவுக்கு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். தானியத்துக்குத் தானியம் படியின் எடை மாறும்.

2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களிடம் வேறொரு பாடம் இருக்கிறது. சிற்ப சாஸ்திரத்தின் உத்தம தச தாலம் என்ற பிரமாணப்படி மூர்த்தியின் உயரம் 124 அங்குலம். ஆனால் இந்த அங்குலத்துக்குத் தனக்கென்று நிரந்தரமான நீளம் கிடையாது. செய்யப்படும் உருவத்தின் உயரத்தை 124-ஆல் வகுத்து வருவதே அந்த உருவத்துக்குரிய அங்குலம். 62 சென்டிமீட்டர் உருவத்துக்கு அது 5 மில்லிமீட்டர். 124 சென்டிமீட்டர் உருவத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அளவு மாறினாலும் விகிதம் மாறாது என்பதைப் பட்டறை ஒன்றில் அரைமணி நேரம் நின்று கண்ட மாணவனுக்கு, அளவை மாற்றமும் விகிதக் கணக்குத்தான் என்பது தானே விளங்கிவிடும்.

மழைக்காலத்தில் பத்திரிகைகள் கோமுகி அணைச் செய்தியை வெளியிடுகின்றன: நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று. அணையின் முழு உயரமான 46 அடி என்பது 14 மீட்டர். ஒரு கன அடி 28 லிட்டரும் 300 மில்லியும் ஆகும். கல்யாண வீட்டில் வைக்கிற இருபது லிட்டர் கேன் ஒன்றும், இன்னொன்றில் பாதிக்குச் சற்றுக் குறைவும். வினாடிக்கு நூறு கன அடி வருகிறது என்றால், ஒவ்வொரு வினாடியும் 141 கேன் தண்ணீர் வந்து சேர்கிறது என்று பொருள். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை, மறுநாள் செய்தித்தாளைத் தானாகவே எடுத்துப் பார்க்கும்.

கைப்பொருளால் அளவையை அறிந்தவர்களுக்குச் சந்தையில் நேரடியான பிரயோசனமும் உண்டு. மரவள்ளிக் கிழங்கையும் கடுக்காயையும் எடை போட்டு விற்கிறவர்கள், மூடி திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தராசில் வைத்துப் பார்க்கலாம்; பாட்டிலின் எடையும் சேர்வதால் ஒரு கிலோவுக்குச் சில பத்துக் கிராம் மேலாகக் காட்ட வேண்டும். பெரிய தராசானால் மூடி திறக்காத இருபது லிட்டர் கேன். இருபது கிலோவுக்குக் குறைவாகக் காட்டுமாயின் சந்தேகிக்க இடமுண்டு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை இடப்பட வேண்டுமாதலால், முத்திரையின் ஆண்டையும் கவனிப்பது நல்லது. வேறுபாடு தென்பட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். அதில் தராசு காட்டிய எண்ணையும், வைத்த பொருளின் சரியான எடையையும் கிராமில் எழுத வேண்டும்.