ஏரிக்கரைச் சுக்கான்கல்: மறைந்துபோன ஒரு பொறுக்கு தொழிலின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சிமெண்ட் பரவுவதற்கு முன்பு, தமிழகக் கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பின் ஒரு பகுதி ஏரிப்புறங்களிலும் ஓடைக்கரைகளிலும் பொறுக்கப்பட்ட சுக்கான்கல்லிலிருந்து பெறப்பட்டது. கல் தீர்ந்துபோனதால் அத்தொழில் மறையவில்லை. இடத்துக்கு இடம் மாறும் கல்லை ஒரே தரமுள்ள ஆலைப்பொருளுக்கு ஈடாக விற்க இயலாமையே மறைவுக்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுக்கான்கல், காளவாய், சுண்ணாம்பு, சிமெண்ட், விருத்தாசலம், பீங்கான்.

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அங்கு உள்ளன. பீங்கான் செய்வோருக்குக் களிமண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல் ஒரு குறை. உயர்வெப்பத்தில் அது இளக்கியாகச் செயல்பட்டுப் பொருளின் வடிவைக் குலைக்கும். குறைந்த வெப்பத்தில் சுடப்படும் செங்கல்லிலும் மண்பாண்டத்திலும் அது நீற்றாத சுண்ணாம்பாகத் தங்கி, பின்னர் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். மண்வினைஞர் விலக்கிய அதே கல்லே சுண்ணாம்பு சுடுவோருக்கு மூலப்பொருள். ஒரே கல்லுக்கு அமைந்த இவ்விரு மதிப்புகளே இத்தொழிலின் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் துணைபுரிகின்றன.

கல்லின் தோற்றமும் சேகரிப்பும்

மழை குறைந்த நிலப்பகுதிகளில் மண்ணுக்குள் இறங்கும் நீர் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துச் செல்கிறது. கோடையில் அந்நீர் ஆவியாகும்போது கரைந்த பொருள் மண்ணிடையே முடிச்சு முடிச்சாகப் படிகிறது. இதுவே சுக்கான்கல். கரிசல் நிலங்களிலும் ஓடைக்கரைகளிலும் மண் அரித்துச் செல்லப்பட்ட இடங்களிலும் இது வெளிப்படும். நீர் வற்றிய ஏரிப்புறத்தில் வெடிமருந்தோ ஆழ்குழியோ இன்றிக் கையால் பொறுக்கி எடுக்க இயன்றது. ஆகவே இது சுரங்கத் தொழிலாக அன்றி, உழவு ஓய்ந்த பருவத்துக்கு ஏற்ற வேலையாக அமைந்தது.

சேகரித்த கல்லை மண் நீக்கி, காளவாயில் கரியோடோ விறகோடோ மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டனர். ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவிலிருந்து கிடைப்பது 56 கிலோவே. எனவே கல்லை நெடுந்தொலைவு சுமப்பதைவிட அது கிடைக்கும் இடத்தருகே சுடுவது சிக்கனமானது. மதுரையின் காளவாசல், சென்னையை அடுத்த சுண்ணாம்பு கொளத்தூர் முதலிய ஊர்ப்பெயர்கள் இத்தொழிற்சொற்கள் நிலவரைவில் பதிந்திருப்பதைக் காட்டுகின்றன.

குறையே நிறையாதல்

சுக்கான்கல் தூய்மையானதன்று; களிமண் கலந்தது. களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சூட்டில் சுண்ணாம்போடு வினைபுரிவதால், அதிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும் தன்மை பெறுகிறது. மதகு, கலிங்கு, அணை போன்ற நீர்நிலைக் கட்டுமானங்களுக்கு இப்பண்பு இன்றியமையாதது. தூய சுண்ணாம்புக்கு இத்திறனை அளிக்கவே செங்கல் தூளாகிய சுர்க்கி சேர்க்கப்பட்டது. 1895இல் முடிவுற்ற முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையால் ஆனது.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான வரலாறு உண்டு. ஜேம்ஸ் பார்க்கர் 1796இல் காப்புரிமை பெற்ற 'ரோமன் சிமெண்ட்' களிமண் கலந்த சுண்ணாம்பு முடிச்சுக் கற்களைச் சுட்டுச் செய்யப்பட்டது. தேம்ஸ் கழிமுகத்தை ஒட்டிய கரைகளில் அக்கற்களைப் பொறுக்குவது தனித் தொழிலாக வளர்ந்தது. ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட் பின்னாளில் மேம்பட்டுப் பரவியபோது அத்தொழிலும் நலிந்தது.

மறைவின் காரணங்கள்

சென்னையில் 1904இல் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்யும் முயற்சி நடந்தது. 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை எழுந்தது. பின்னர் அரியலூர்ப் பகுதியும் சிமெண்ட் வட்டாரமாயிற்று. இவ்விரண்டும் விருத்தாசலத்தின் வழியே செல்லும் விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதையில் அமைந்தவை. ஆலை, கல்லையும் களிமண்ணையும் அளந்து கலந்து அரைத்தது. இயற்கை தற்செயலாகச் செய்த கலவையை ஆய்வுக்கூடம் திட்டமிட்டுச் செய்தது. ஏரிக்கு ஏரி களிமண்ணின் அளவு மாறும் சுக்கான்கல், ஒரே வலிமையை எதிர்பார்க்கும் பொறியியல் ஒப்பந்தங்களுக்குப் பொருந்தவில்லை. கட்டடச் சுண்ணாம்புக்கான சுக்கான்கல் 1958இல் சிறுகனிமமாக அறிவிக்கப்பட்டதால், பொறுக்கும் வேலையும் உரிம விதிகளுக்கு உட்பட்டது.

முடிவுரை

இத்தொழிலின் மறைவால் இழந்தது கல்லை அன்று. எந்தக் கல் எந்த வேலைக்கு ஆகும் என்னும் தேர்வறிவையே. பழங்கோயில்களின் சுண்ணாம்புக் கட்டுமானத்தைச் சிமெண்டால் பழுதுபார்க்கும்போது, ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் படிந்து பழைய கல்லும் செங்கல்லும் சிதைகின்றன. ஆதலால் மரபுப் பாதுகாப்புக்குச் சுண்ணாம்பு மீண்டும் தேவைப்படுகிறது. பழஞ்சாந்தின் வேதியியல் பகுப்பாய்வோடு, ஊர்ப்பெயர்களையும் காளவாய் எச்சங்களையும் முதியோர் வழக்கிலுள்ள தொழிற்சொற்களையும் சேர்த்துத் தொகுப்பது உடனடி ஆய்வுப்பணியாகும். பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் விருத்தாசலத்தில் களிமண்ணையும் சூளை வெப்பத்தையும் ஆராயும் பயிற்சி ஏற்கெனவே உண்டு; அப்பணியைத் தொடங்க அது பொருத்தமான இடம்.