ஆடியில் திறக்கும் ஏடு

ஊரும் உறவும் – 9

ஆடி பிறந்தால் மற்ற ஊர்களில் கல்யாண மண்டபங்கள் காற்று வாங்கும். புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்குக் கிழக்கே நிலைமை தலைகீழ். வடகாடு, நெடுவாசல், அணவயல், மாங்காடு, கொத்தமங்கலம், கீரமங்கலம், சேந்தன்குடி என்று ஊருக்கு ஊர் பந்தல் எழும்பும். ஒரே தேதிக்கு நாலைந்து பத்திரிகை வந்து கிடக்க, காலையில் எங்கே, மதியம் எங்கே என்று வீட்டில் பேச்சு நடக்கும். ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும், பந்தி பந்தியாக இலை விழும். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் இருக்கமாட்டார்கள். இது மொய் விருந்து.

1992-ல் வந்த ‘சின்னக்கவுண்டர்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு மொய் விருந்து என்றதும் இலைக்கடியில் பணம் வைக்கும் காட்சிதான் நினைவுக்கு வரும். கடனில் தவிக்கும் ஒருத்திக்கு ஊர் கூடிக் கைகொடுக்கும் கதை அது. இந்தப் பக்கத்து மொய்யில் இரக்கத்துக்கு வேலை இல்லை. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர், ஓர் ஊர், திரும்பி வரவேண்டிய ஒரு நாள் உண்டு.

எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு? நிலத்தைப் பார்த்தால் புரியும். காவிரியின் கல்லணைக் கால்வாய் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, நாகுடிப் பக்கத்துக் கடைமடைக்குப் போகிறது. வடகாடும் நெடுவாசலும் மேட்டுப்பூமி. மழையையும் குளத்தையும் நம்பிக் கிடந்த செம்மண், ஆழ்துளைக் கிணறு வந்தபிறகு ஆளே மாறிப்போனது. பலா, தென்னை, வாழை, மல்லிகை, முல்லை என்று வருஷம் முழுக்கப் பச்சை. கீரமங்கலம் பூ மார்க்கெட்டும் வடகாட்டுப் பலாவும் வெளியூர்வரை பேர் வாங்கின. ஆனால், நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு போர் போடவும் மோட்டார் இறக்கவும் பணம் மொத்தமாக வேண்டும். பூ விற்ற காசோ சில்லறையாகத்தான் வரும். சில்லறையை மொத்தமாக்கும் வழியாக மொய் இந்த மண்ணில் இவ்வளவு ஆழமாக வேர் பிடித்தது என்பது என் கணிப்பு.

பழக்கம் பக்கத்தில் இருக்கும் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பகுதியிலிருந்து பரவியது. காதணி விழாவிலும் கல்யாணத்திலும் மொய் எழுதுவது எங்கும் உள்ளதுதான். வீட்டில் விசேஷமே வராதவர், தான் ஊரெல்லாம் போட்ட மொய்யை எப்படித் திரும்ப வாங்குவது? அந்தக் கேள்விக்குக் கண்டுபிடித்த பதில்தான் தனி மொய் விருந்து. ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தலாம். செலவு தாங்காது என்றால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்தி, கறிச் செலவையும் பந்தல் செலவையும் பிரித்துக்கொள்ளும். சாப்பாடு பொது, மொய் நோட்டு தனித்தனி.

கணக்கு எளிது. எனக்கு நீங்கள் 2,000 ரூபாய் எழுதியிருந்தால், உங்கள் விருந்துக்கு நான் 3,000 எழுதுவேன். அதில் 2,000 பழைய மொய், அது தீர்ந்தது. மிச்சம் 1,000 ‘புதுநடை’. இப்போது நீங்கள் எனக்குக் கடன்பட்டவர். ஆக, கணக்கு ஒருநாளும் நேராவதில்லை. நேராகிவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. வாங்கியதைத் திருப்பாதவரை யாரும் கோர்ட்டுக்கு இழுப்பதில்லை. அடுத்து அவர் பந்தல் போட்டால் ஆள் வராது, அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸ் கிராமங்களில் ‘பலுவாகன்’ என்றொரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் மாதாமாதம் ஒரே தொகை போட்டு, முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்ச் சீட்டுதான் அது. சீட்டில் ஆள் எண்ணிக்கையும் தொகையும் முன்பே தெரியும். மொய்க்கு அந்த வரம்பு கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன்னுடைய ஆட்கள், தன்னுடைய வட்டம். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வடகாட்டுக்காரரையும் பேராவூரணிக்காரரையும் ஒரே ஏட்டில் சேர்த்துவிடுகின்றன.

2019-ல் வடகாட்டில் ஒரு விவசாயியின் விருந்தில் 4 கோடி ரூபாய் சேர்ந்தது என்றும், 50,000 பத்திரிகை அடித்தார்கள் என்றும், ஒரு டன் ஆட்டுக்கறி சமைத்தார்கள் என்றும் செய்தி வந்தது. பணம் எண்ணும் இயந்திரமும் கம்ப்யூட்டர் ரசீதும் பந்தலுக்குள் வந்துவிட்டன. வெளியூர்க்காரர்கள் அதை வருமானம் என்று நினைத்து வாய்பிளந்தார்கள். அந்தத் தொகையில் ஒரு பகுதி அவர் முன்பே மற்றவர்களுக்குப் போட்டது. மீதி அத்தனையும் இனிமேல் அவர் திருப்பவேண்டிய கடன்.

இந்த ஏடு பணத்தை மட்டும் எழுதுவதில்லை. கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதையும் எழுதி வைக்கிறது. அது எப்போது பயன்பட்டது?

2017 பிப்ரவரி 15 அன்று, நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. பட்டியலில் நெடுவாசலும் இருந்தது. மறுநாளே ஊர் திரண்டது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு, வாணக்கன்காடு பக்கம் ஏற்கெனவே எண்ணெய்க் கிணறு தோண்டியதையும், கழிவு தேங்கிய தொட்டிகளையும் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். நிலத்தடி நீர் போனால் பலாவும் போகும், பூவும் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாடியம்மன் கோயில் திடலில் 22 நாள் உட்கார்ந்தார்கள். மார்ச் 27-ல் கர்நாடகத்து ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஏப்ரல் 12-ல் மறுபடி உட்கார்ந்தார்கள். அந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில் நீண்டது. இளைஞர்களும் மாணவர்களும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். கேமராக்கள் அவர்களைப் பிடித்தன. அத்தனை பேருக்கும் அரிசியும் காய்கறியும் சேர்த்து உலை வைப்பது இந்த ஊர்களுக்குப் புது வேலையா என்ன? ஆடிதோறும் செய்து பழகிய கை அது.

கிணறு தோண்டப்படவில்லை. 2020 பிப்ரவரியில் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியபோது, டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டன. நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியம் அதில் ஒன்று.

இடையில் காற்று வேறு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல், கடலிலிருந்து தள்ளியிருந்த இந்த ஊர்களையும் விடவில்லை. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நட்டு, காய்க்கும்வரை தண்ணீர் ஊற்றிய வருஷங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? அடுத்து 2020-ல் கொரோனா பந்தல்களையே பிரித்துப் போட்டது. விளைச்சல் இல்லாத வருஷத்திலும் பழைய மொய்யைத் திருப்பித்தான் ஆகவேண்டும். நகையை அடகுவைத்து மொய் எழுதும் வீடுகள் உண்டு. வட்டியில்லாக் கடன் என்று புகழப்படுவது, கடைசியில் வட்டிக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. மொய் பெரும்பாலும் சாதிக்குள், உறவுமுறைக்குள் ஓடுகிறது. திருப்பிப் போட நிலமோ வருமானமோ இல்லாத கூலிக் குடும்பத்துக்கு இந்த ஏட்டில் பக்கம் இல்லை. கடலை பிடுங்குவதும் பூப் பறிப்பதும் பெண்கள் என்றாலும், நோட்டில் இருப்பது அநேகமாக ஆண் பெயர். 2025 மே மாதத் தொடக்கத்தில், வடகாட்டுக் கோயில் திருவிழாவின்போது மூண்ட மோதலில் பட்டியல் சாதியினர் குடியிருப்பில் வீடுகளும் வண்டிகளும் சேதமாயின. கோடிகளை ஒரு துண்டுச்சீட்டு நம்பிக்கையில் கைமாற்றும் அதே வட்டாரம்தான்.

கூட்டுறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மொய்யைக் கண்டு மெய்சிலிர்க்கிறார்கள். நம்பிக்கை எவ்வளவு தூரம் போகிறது என்பதோடு, அது எந்தத் தெருவில் நின்றுவிடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். நெடுவாசல் திடலில் வந்து உட்கார யாரும் முன்பணம் கட்டவில்லை, பழைய பாக்கியும் கேட்கப்படவில்லை. ஆபத்து பொதுவாக இருந்தது, ஆளும் பொதுவாகச் சேர்ந்தது. ஒரு கிராமம் தன் எல்லையைத் தாண்டிக் கூடமுடியும் என்பதற்கு அந்த வருஷமே சாட்சி. அதற்கு இன்னொரு ஹைட்ரோகார்பன் வரவேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

(அடுத்த வாரம்: குளமங்கலம் ஐயனார் கோயிலின் மாபெரும் குதிரையும், மாசி மகத்தன்று அதற்குக் காகித மாலை சாத்தவரும் ஊர்களும்)