குளிர்காலப் பொறியும் வீட்டுக் கருவிகளும்

தை மாதத்து இரவில், டெல்லியிலோ சண்டீகரிலோ குடியிருக்கும் நம்மவர் ஒருவர் கம்பளிச் சட்டையைக் கழற்றுகிறார். படபடவென்று ஓசை எழுகிறது. விளக்கு அணைந்திருந்தால் சிறு நீலப் பொறிகளும் தெரிகின்றன. பிறகு இரும்பு அலமாரியின் கைப்பிடியைத் தொடுகிறார். விரல் நுனியில் சுருக்கென்று ஒரு குத்து. குழந்தையை வாரி எடுக்கப் போனால் குழந்தைக்கும் அவருக்கும் ஒருசேர அதே குத்து. ஊரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெரியவர்கள் 'வீட்டில் கரண்ட் அடிக்கிறது' என்று அஞ்சுகின்றனர். சில நாள் சென்றபின், இங்கே குளிர்காலத்தில் இப்படித்தான் என்று அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு, எல்லா அதிர்ச்சியையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர். முன்னது வீண் அச்சம். பின்னது உயிருக்கே ஊறு செய்யக்கூடிய அசட்டை. நிலைமின்சாரம் எது, மின்கசிவு எது என்று பிரித்தறிவதற்கும், விலை கொடுத்து வாங்கிய கருவிகளைக் காப்பதற்கும் இதன் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வோம்.

பள்ளியில் படித்த காலத்தில் தலைவாரிய சீப்பினால் காகிதத் துணுக்குகளை இழுத்து விளையாடியது பலருக்கும் நினைவிருக்கும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டும் உரசியும் பிரியும்போது, ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றதற்குப் போய்விடுகின்றன. இழந்தது நேர்மின்னூட்டம் பெறுகிறது. பெற்றது எதிர்மின்னூட்டம் பெறுகிறது. செம்பு, இரும்பு போன்ற கடத்திகளில் இம்மின்னூட்டம் வழி கிடைத்தவுடன் ஓடி மறையும். நைலான், கம்பளி, பிளாஸ்டிக், ரப்பர் ஆகியவற்றில் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகையால்தான் அதற்கு நிலைமின்சாரம் என்று பெயர். செயற்கை இழை விரிப்பின்மீது ரப்பர்ச் செருப்புடன் நடக்கும் மனிதர், அடிக்கு அடி தம் உடலில் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறார். செருப்பு அதனை நிலத்திற்கு இறங்கவிடுவதில்லை. கைப்பிடியைத் தொடப்போகும் கணத்தில் அது காற்றைப் பிளந்துகொண்டு தாவுகிறது.

அப்படியாயின் நம் ஊரில் இது ஏன் நிகழவில்லை? வரதய்யபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர் தமிழக எல்லையை ஒட்டியது. கிழக்கே தடாவைக் கடந்தால் பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். வடநாட்டில் குளிர் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஒவ்வொரு பொருளின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. மின்னூட்டம் அப்படலத்தின் வழியே மெல்லக் கசிந்து போய்விடுகிறது. ஈரக்காற்றே மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பலர் எண்ணுவர். உண்மையில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது பொருள்களின்மேல் படிந்த ஈரமே. அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு விரற்பொறி புதுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வடநாட்டுக் குளிர்காலத்தைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். டெல்லியில் மார்கழி, தை மாதக் காலைகளில் பனிமூட்டம் கப்பிக் கிடக்கிறதே, அது ஈரம் அன்றோ? ஆம், வெளியே ஈரந்தான். ஆனால் குளிர்ந்த காற்றால் சிறிதளவு நீராவியையே தாங்க இயலும். 5 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர்க் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். 25 பாகையிலோ 23 கிராம் வரை கொள்ளும். வெளியே முழுதும் நிறைந்திருந்த அக்காற்றை அறைக்குள் விட்டு ஹீட்டரால் 25 பாகைக்குச் சூடேற்றினால், அதிலுள்ள ஈரம் கூடாமலே அதன் கொள்ளளவு மட்டும் மும்மடங்காகிவிடுகிறது. ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. வீட்டில் ஹீட்டர் ஓடும் நாள்களில் பொறி மிகுவதன் காரணம் இதுவே. புனே, நாகபுரி போன்ற தக்காணத்து ஊர்களில் ஹீட்டர் இல்லாமலே குளிர்காலப் பிற்பகல்கள் வறண்டிருக்கின்றன.

இந்த மின்னூட்டத்தின் அழுத்தத்தைக் கேட்டால் சிலர் திகைப்பர். ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே உள்ள அறையில் விரிப்பின்மீது நடந்தால் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறக்கூடும் என்றும், 65 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரத்தில் அது 1,500 வோல்ட் அளவே என்றும் தொழிற் கையேடுகள் குறிக்கின்றன. வீட்டுக் கம்பியில் ஓடும் 230 வோல்ட் ஆளைக் கொல்லுகையில், இத்தனை ஆயிரம் வோல்ட் ஏன் கொல்வதில்லை? பனைமர உச்சியிலிருந்து விழும் ஒரு துளி நீரையும், தாழ்வாக ஓடும் ஆற்று வெள்ளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். துளிக்கு உயரம் உண்டு, அளவு இல்லை. நம் உடல் தேக்கிவைக்கும் மின்னூட்டம் அத்தகைய துளி. கண் இமைக்கும் நேரத்திற்கும் குறைவான காலத்தில் தீர்ந்துபோவது.

மனிதருக்குத் துளியாக இருப்பது மின்னணுச் சில்லுக்கு அவ்வாறன்று. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை நம் விரல் உணர்வதே அரிது. மிக நுண்ணிய சில்லுகள் சிலவற்றுக்கோ 100 வோல்ட்டே போதும். உள்ளிருக்கும் மெல்லிய காப்புப் படலம் துளைபட்டுவிடும். அதாவது, நாம் ஒன்றையுமே உணராத வேளையில் ஒரு சில்லைக் கெடுத்துவிட இயலும். கெட்ட சில்லு உடனே நின்றுவிட்டாலாவது காரணம் புரியும். சில வேளைகளில் அது அரைகுறையாகக் காயப்பட்டு, சில மாதம் வேலை செய்து, பின்பு காரணம் தெரியாமல் நிற்கும். நாமோ விற்ற கடைக்காரரைக் குறை கூறுவோம்.

இதற்கு என்ன செய்வது என்பதை வரதய்யபாளையத்தின் பக்கத்திலேயே காணலாம். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2015-ஆம் ஆண்டில் ஸியோமி கைப்பேசிகள் உருவாகத் தொடங்கின. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் மிகுதியாக அவ்வேலைக்குச் சென்றனர். இத்தகைய ஆலைகளில் சுற்றுப்பலகையைத் தொடுமுன் மணிக்கட்டில் ஒரு வார் கட்டிக்கொள்வது வழக்கம். அந்த வார் ஒரு கம்பியின் மூலம் நிலத்தோடு இணைந்திருக்கும். தரையும், மேசை விரிப்பும், மேலங்கியும், காலணியும் மின்னூட்டத்தை மெல்ல வடியவிடும் வகையில் அமைந்தவை. செய்து முடித்த பலகைகள் உலோகப் பூச்சுள்ள பைகளில் இடப்படுகின்றன.

கடற்காற்று வீசும் ஊரில் இத்தனை ஏற்பாடு எதற்கு? ஈரம் மிகுந்த காற்றிலும் 1,500 வோல்ட் சேரும் என்று மேலே கண்டோம். விரல் அதனை உணராது, சில்லு தாங்காது. ஆகவே ஈரம் நம் விரலைக் காக்கும். திறந்து கிடக்கும் சில்லைக் காக்க அது மட்டும் போதாது. வீட்டில் நாம் கொள்ளவேண்டிய முறைகளும் இவ்வாறே இருவகைப்படும்.

மணிக்கட்டு வாரில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் கம்பியில் 10 இலட்சம் ஓம் தடை ஒன்று வைத்திருப்பார்கள். மின்னூட்டம் மெல்ல வடிய அது இடங்கொடுக்கும். தவறி 230 வோல்ட் மேல் கை பட்டுவிட்டால், உயிரைக் குடிக்கும் அளவு மின்னோட்டம் உடல் வழியே பாயாமல் தடுக்கும். இதனை அறியாமல், கையில் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி அதன் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக்குத் துளையில் செருகும் துணிச்சல்காரர்கள் உண்டு. அது ஒருபோதும் செய்யத்தகாதது.

முதலில் அறையின் ஈரம். 40 முதல் 60 விழுக்காடு இருந்தால் போதும்; அளவறியும் சிறு கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. துவைத்த துணியை இரவில் அறைக்குள்ளேயே உலர்த்துவது செலவில்லாத வழி. அகன்ற பாத்திரத்தில் நீர் வைக்கலாம், பலன் சிறிதே. ஈரம் மிகுந்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்குமாதலால் அளவு தேவை. நீராவி வேண்டிக் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் கெட்டிலைச் சூடேற்றுவது மட்டும் வேண்டா. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு. வடமாநிலங்களில் குளிர்காலந்தோறும் உறங்கியவர்கள் உறங்கியபடியே மாண்டதாகச் செய்தி வருகிறது.

உடையில் பருத்தி நல்லது. பாலியெஸ்டர் உள்ளாடையின்மேல் கம்பளி என்பது பொறிக்குத் தக்க இணை. வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கும் நம் வழக்கம் இங்கே உதவுகிறது. சிமெண்டுத் தரையும் கல்தரையும் மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும். குளிருக்காகச் செருப்பும் விரிப்பும் தேவைப்படின், கைப்பிடியைத் தொடுமுன் வெறுஞ்சுவரையோ மரக்கதவையோ உள்ளங்கையால் தொடுவோம். அவை மின்னூட்டத்தை நிதானமாக இறக்குவதால் குத்தாது. சாவியைக் கையில் இறுகப் பிடித்து அதன் முனையால் இரும்பைத் தொடுவதும் உண்டு. பொறி சாவிக்குத் தாவும், விரலுக்கு நோவில்லை.

தொலைக்காட்சியின் திரையை உலர்ந்த துணியால் தேய்ப்பதும் அதற்கு மின்னூட்டம் ஏற்றுவதே. தூசு முன்னிலும் விரைவாக வந்து ஒட்டும். கருவியை அணைத்துவிட்டுச் சற்றே ஈரமான மென்துணியால் துடைத்தல் நலம். மெமரி கார்டு, யுஎஸ்பி கம்பி முதலியவற்றைச் செருகுமுன் ஏதேனும் உலோகத்தைத் தொட்டுவிட்டுச் செருகுவோம். இக்காலக் கருவிகளின் வெளித்துளைகளில் காப்பு உறுப்புகள் இருப்பதால் பெரும்பாலும் தப்பிக்கின்றன. எனினும் ஒரு பொறியில் கணினி திகைத்து நின்று, எழுதிக்கொண்டிருந்தது அழிந்துபோவது உண்டு. மேசைக் கணினியைத் திறந்து நினைவகப் பட்டையை நாமே மாற்றும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விரிப்பில்லாத தரையில் நின்று, பெட்டியின் உலோகச் சட்டத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்யவேண்டும். நம் உடலும் சட்டமும் ஒரே அழுத்தத்தில் இருந்தால் தாவுவதற்கு ஒன்றுமில்லை. புதிய பட்டையை வேலை தொடங்கும்வரை அதன் பையிலிருந்து எடுத்தலாகாது.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஐயத்திற்கு வருவோம். நிலைமின்சாரம் ஒரே ஒரு முறை, ஒரு சொடுக்குப் போல் அடிக்கும். கையை எடுத்து உடனே மறுபடி தொட்டால் ஒன்றுமிராது. கதவுக் கைப்பிடி, பேருந்துக் கம்பி என்று மின்சாரத்தோடு தொடர்பில்லாத பொருளிலும் அடிக்கும். குளிர்பதனப் பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ தொடுந்தோறும் விறுவிறுத்தால், வெறுங்காலிலும் ஈரத்தரையிலும் அது மிகுந்தால், மழைக்காலத்திலும் தொடர்ந்தால், அது நிலைமின்சாரம் அன்று, மின்கசிவு. மறுபடி தொட்டுச் சோதிக்க முயலாமல், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழைக்கவேண்டும்.

உலோக உடலுள்ள மடிக்கணினி, சார்ஜ் ஏறும்போது விரலின் கீழ் மெல்ல அதிர்வது போலிருக்கும். சார்ஜரின் உள்ளிருக்கும் வடிகட்டி உறுப்பின் வழியே வரும் மிகச் சிறு மின்னோட்டம் அது. எர்த் இணைப்புள்ள மூன்று முள் பிளக்கில் செருகினால் மறைந்துவிடும். மறையாவிட்டால் அந்த பிளக்கின் எர்த் துளைக்குப் பின்னே கம்பியே இல்லாதிருக்கலாம். வாடகை வீடுகளில் இது அரிதன்று. குடிபுகுமுன் எர்த் சரியா என்று சோதிக்கச் சொல்வதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை உள்ளதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு. அவ்விசையில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அதனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தினால் வீட்டில் மின்சாரம் உடனே நிற்கவேண்டும்; நிற்காவிடில் விசையை மாற்றிவிடவேண்டும்.