அபர்வான்: ஓடையின் மேல் குவித்த மலை

வேல்ஷ் மொழியில் ‘அபர்’ என்றால் சிற்றோடை பேராற்றோடு கலக்குமிடம். நாம் கூடுதுறை என்கிறோமே, அதுதான். தென் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் நகருக்குத் தெற்கே நாலு மைல் தொலைவில், ‘வான்’ என்னும் ஓடை டாஃப் ஆற்றில் விழுகிறது. அங்கே உள்ள கிராமந்தான் அபர்வான். அதன் பெயரிலேயே தண்ணீர் இருப்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1869-க்கு முன் அங்கே இருந்தவை இரண்டு சிறு வீடுகளும் ஒரு மதுச்சாலையுமே. குடியானவர்களும் கால்வாய்ப் படகுக்காரர்களும் அங்கே தங்கி இளைப்பாறுவார்கள். அவ்வருஷம் ஜான் நிக்ஸன் என்பவர் அருகே நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். வேல்ஸின் நீராவிக் கரி அதிகப் புகையின்றி எரிவது; கப்பல்களுக்கு அதைப் போன்றது வேறில்லை என்று பெயர் பெற்றது. ஊரும் வளர்ந்தது, 1966-இல் ஜனத்தொகை சுமார் 5,000.

கரி விலையாகிப் போய்விடும். கழிவு ஊரிலேயே தங்கும். குறுகிய பள்ளத்தாக்கில் அதைக் கொட்ட இடமேது? ஆகவே ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏற்றிக் குவித்தார்கள். 1947-இல் சுரங்கங்கள் தேசிய உடைமையாயின. தேசிய நிலக்கரி வாரியம் பொறுப்பேற்றது. எஜமானர் மாறினாரேயன்றி வழக்கம் மாறவில்லை. 1958-இல் ஏழாவது குவியலை ஆரம்பித்தார்கள். அதன் அடியில் ஊற்றுகள் இருந்தன. அவை ரகசியமல்ல, சர்க்கார் வரைபடங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தவை! பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சேறு குவிவது அபாயம் என்று நகரசபைப் பொறியாளர் 1963-இலேயே எழுதினார். பயனில்லை.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. இடைவிடுமுறைக்கு முந்திய கடைசி நாள். மலையுச்சியில் வெயில், கீழே மூடுபனி. காலை 9-15 மணிக்கு, பல நாள் மழையில் ஊறிய குவியல் சேறாகிச் சரிந்து பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் பக்கத்து வீடுகளையும் மூடியது. குழந்தைகள் 116 பேர், பெரியவர்கள் 28 பேர் மாண்டார்கள். மரண விசாரணையில் ஒரு தகப்பனார் எழுந்து, தம் குழந்தையை நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்றே பதிவு செய்யும்படி கேட்டார்.

ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்றார் வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு. விசாரணை மன்றம் 76 நாள் கூடிச் சாட்சியங்களைக் கேட்டு, 1967 ஆகஸ்டில் வாரியமே குற்றவாளி எனத் தீர்மானித்தது. எவர் மீதும் வழக்கில்லை. ஒருவரும் வேலை இழக்கவில்லை.

இதைவிடக் கொடுமை பின்னால் வந்தது. எஞ்சிய குவியல்களையாவது அகற்றுங்கள் என்று ஜனங்கள் மன்றாடினார்கள். அந்தச் செலவுக்கு, பொதுமக்கள் அனுதாபத்தோடு அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுனை 1968-இல் சர்க்கார் வாங்கிக்கொண்டது! பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களே குப்பை வாரவும் கூலி கொடுத்தார்கள்.

சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. பாடசாலை இருந்த இடத்தில் இப்போது பூந்தோட்டம். மேலே மயானத்தில் வரிசையாக வெள்ளை வளைவுகள். 1997-இல் அந்த 1,50,000 பவுன் திரும்பி வந்தது. 29 வருஷ வட்டி அதில் சேரவில்லை. 2007-இல் வேல்ஸ் சர்க்கார்தான் 15 லட்சம் பவுன் கொடுத்து நினைவிடங்களைப் பராமரிக்க வழி செய்தது.